கோழியை யார் எடுப்பது?

கராஜுக்குள் இரண்டு பேர் நிற்கிறோம். நானும் அவரும். எங்களுக்கு முன்னால் ஒரு பழைய விளையாட்டு மெசின். ஆள் உயரம், மரப்பெட்டி, மேலே கண்ணாடித் திரை. திரையில் ஒரு குப்பை வாளி உடைந்து கிடக்கிறது. வாளிக்குள் இருந்து முழுப் பொரித்த கோழி ஒன்று வெளியே வந்து ரோட்டில் இருக்கிறது.

அதை எடுத்தால் உயிர் கூடும். எனக்கும் உயிர் குறைவு. அவருக்கும் குறைவு.

"நீங்க எடுங்க சார்."

"இல்லை, நீங்கள் எடுங்கோ."

"பரவால்ல சார். உங்களுக்குத்தான் ரொம்பக் கம்மியா இருக்கு."

"எனக்கு இது காணும், போதும். நீங்கள் எடுங்கோ."

கோழி மினுங்கத் தொடங்கியது. மினுங்கினால் போகப் போகிறது என்று அர்த்தம். இரண்டு பேரும் அதற்கு இரு பக்கமும் நின்று மரியாதை செய்தோம். கோழி போய்விட்டது. தடியோடு இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் இரண்டு பேரையும் அடித்து விழுத்தினார்கள்.

இது போன குளிர்காலம். மெல்பர்ன் ரோவிலில், எங்கள் வீட்டு கராஜில்.

அவர் பெயர் சுந்தரம். இந்தியாக்காரர். மதுரைப் பக்கம். சிட்னியில், கெல்லிவில்லில் இருக்கிறார். எஞ்சினியர். அவருடைய ஒரே மகள் நித்யாவை என் மகன் யூட் கட்ட விரும்புகிறான். சுந்தரம் சம்மதம் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் மனைவி மகளோடு எங்கள் வீட்டைப் பார்க்க வந்திருந்தார். காலையில் வந்தவர் பின்னேரம் விமானம் ஏற வேண்டும்.

மதியம் ஆகிவிட்டது. அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் மட்டும்

பெண் கேட்கிற வீட்டில் தகப்பன்மார் கதைக்க வேண்டும். எனக்குக் கதைக்க வராது. இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். பத்திரிகைக்காரர் நீட்டி எழுதச் சொல்வதால்தான் இவ்வளவும் வருகிறது.

வரவேற்பறையில் அவர் ஒரு கதிரையில் இருந்தார். நான் எதிர்க் கதிரையில்.

"மெல்பர்ன்ல குளிர் ஜாஸ்திதான்" என்றார்.

"ஓம்" என்றேன்.

"சிட்னில இவ்ளோ இல்ல."

"ஓம்."

அவ்வளவுதான். பிறகு இரண்டு பேரும் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தோம்.

என் மனைவி பிலோமினா விடியவே எழும்பிச் சமைத்திருந்தாள். நண்டுக் கறி, மீன் பொரியல், இடியப்பம், சொதி. மன்னாரில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவன் சாப்பிடாமல் போனால், அவன் சண்டைக்கு வந்தவன். வேறு அர்த்தம் கிடையாது. பிலோ கேக்கைக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றார். வடையைக் கொண்டுவந்தாள். இப்போதுதான் சாப்பிட்டோம் என்றார். கடைசியில் தண்ணீர் குடித்தார். அவர் மனைவியும் அவரைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்தான் குடித்தா.

குசினிக்குள் போனேன். பிலோ வெங்காயம் வெட்டாமலே கண் கலங்கி நின்றாள். யூட் பக்கத்தில் நின்றான்.

"அம்மா, அது கோபம் இல்லை. அவையின்ர வழக்கமாம். நித்யா சொன்னவள். முடிவு சொல்லுறதுக்கு முதல் மாப்பிள்ளை வீட்டில கை நனைக்க மாட்டினமாம்."

"கை நனைக்கிறதெண்டா?"

"சாப்பிடுறது."

"அப்ப முடிவைச் சொல்லட்டுமே. நண்டு ஆறுது."

யூட் என் பக்கம் திரும்பினான். கம்பியூட்டர் படித்தவன், பெரிய வேலை. அன்றைக்கு ஏழு வயதுப் பிள்ளை மாதிரி நின்றான்.

"அப்பா, ப்ளீஸ். அவரோட கதையுங்கோ. அவர் மனசார சொல்லாட்டி டேட் ஃபிக்ஸ் பண்ண மாட்டன் எண்டு நித்யா சொல்லிட்டாள். ஷீ மீன்ஸ் இட்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"எனிதிங்!"

நான் வரவேற்பறைக்குப் போனேன். எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"வாங்கோ" என்றேன்.

அவர் எழும்பி வந்தார். கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சிப்ஸ் மணக்கும் பெட்டி

இந்த மெசின் எனக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவுக்கு வந்த புதிதில் சலவை ஆலையில் வேலை. ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடிப்பது. காலை வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் ஒரு மீன் சிப்ஸ் கடை. மழை வந்தால் உள்ளே நிற்பேன். கடைக்காரர் ஒரு கிரேக்கர். ஒரு சிப்ஸ் வாங்கினால் எவ்வளவு நேரமும் நிற்கலாம். ஒன்றும் கேட்க மாட்டார்.

மூலையில் இரண்டு மெசின் இருந்தன. ஒன்றில் தவளை. அது தபால்காரத் தவளை. தோளில் பை. வீடு வீடாகக் கடிதம் போட்டுக்கொண்டு குதிக்கும். நாய் துரத்தும். மழை பெய்தால் தவளைக்குச் சந்தோசம் வந்து வேகமாகக் குதிக்கும். ஏன் அப்படி ஒரு விளையாட்டைச் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வேறு எங்கும் அதைக் கண்டதும் இல்லை. கடையில் யாரும் அதைத் தொட மாட்டார்கள். நான் தொட்டேன். மழை நாளில் வெளியிலும் மழை, திரையிலும் மழை. தவளை குதிக்கும். சிரிப்பு வரும். அந்த நாட்களில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் அது ஒன்றுதான்.

மற்றது அடிபடும் விளையாட்டு. ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தது. நான் வாசிக்கவில்லை. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன், நீலச் சட்டைக்காரன் ஒருவன். நான் சிவப்பன், நீலன் என்று பெயர் வைத்தேன். துறைமுகத்து ரவுடிகள் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சிவப்பன் நடந்து போய் எல்லாரையும் அடித்து அவளை மீட்க வேண்டும். கடைசியில் ஒரு தடியன் வருவான். தங்கப் பல்லு. அவனுக்கு மாமா என்று பெயர் வைத்தேன்.

எனக்கு அது பிடித்ததற்குக் காரணம் உண்டு. அப்போது எல்லாரும் என்னிடம் ஏதாவது கேட்பார்கள். விளங்காது. திரும்பக் கேட்பார்கள். அப்போதும் விளங்காது. இந்த மெசின் ஒன்றும் கேட்காது. வலது பக்கம் போ என்று ஒரு கை காட்டும். போனால் சரி.

பிடியில் ஒரு சத்தம் உண்டு. டக், டக் என்று. கையில் இருந்து தோள்வரை வரும். பட்டனை அமத்தினால் உடனே அடி விழும். அமத்தியதற்கும் விழுவதற்கும் இடையில் இடைவெளி கிடையாது. இப்போது வருகிற விளையாட்டுகளில் அது இல்லை. யூட் ஒன்று வாங்கி வைத்திருக்கிறான். படம் நல்ல வடிவு. ஆனால் அது என்னோடு அதிகம் கதைக்கிறது. அது முடித்து நான் விளையாட வெளிக்கிட, அதற்கு அப்டேட் வருகிறது.

கடையைப் புதுப்பித்தபோது கிரேக்கர் என்னைக் கூப்பிட்டார். "எடுத்துக்கொண்டு போ, இனி இடம் இல்லை" என்றார். தவளை ஏற்கெனவே பழுதாகிப் போயிருந்தது. சிவப்பனும் நீலனும் ட்ரெய்லரில் ஏறி வந்தார்கள். கடும் மழை. தார்ப்பாய் காணவில்லை. என் மழைக் கோட்டைக் கழற்றி மெசினுக்குப் போட்டேன். பிலோ வாசலில் நின்று பார்த்தாள்.

"நீங்கள் நனைஞ்சாலும் பரவாயில்லை, அது நனையக் கூடாது என்ன?"

"ஓம்" என்றேன்.

இன்றைக்கும் மெசினைப் போட்டு அது சூடானால் சிப்ஸ் எண்ணெய் மணக்கும். திரையில் பச்சை நிறம் போய்விட்டது. புல் எல்லாம் மண் நிறம். கோழி மட்டும் நல்ல நிறமாக இருக்கிறது.

செங்கல்

அதற்கும் முந்தினது ஒன்று உண்டு.

கொழும்பில் பயணத்துக்காகக் காத்திருந்த காலம். ஒரு லொட்ஜ் அறையில் ஆறேழு பெடியங்கள். கையடக்கமான ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. மேலே இருந்து செங்கல் விழும். திருப்பித் திருப்பி அடுக்க வேண்டும். வரிசை நிரம்பினால் மறையும். நிறம் கிடையாது.

எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. முறை வைத்து விளையாடினோம். ஒருவன் விளையாட மற்றவர்கள் தலையைச் சுற்றி வைத்துக்கொண்டு கத்துவார்கள். "நீட்டுக் கட்டை, நீட்டுக் கட்டை!" நீட்டுக் கட்டை வராது. தேவையில்லாதபோது வரும். பற்றரி சோர்ந்தால் வெளியே எடுத்து வெயிலில் வைப்போம். கொஞ்சம் உயிர் வரும். இன்னும் ஒரு முறை.

யார் எங்கே போவான், யாருக்குப் பயணம் சரிவரும், யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த அறையை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது சிரிப்புச் சத்தம்தான். வேறு விதமாக எழுதினால் பொய்யாகப் போய்விடும்.

சுந்தரத்திடம் திரும்புவோம்.

கோட்டைக் கழற்றினார்

கராஜுக்குள் லைட்டைப் போட்டேன். மெசினுக்கு மேல் கிடந்த விரிப்பை எடுத்தேன். சுவிட்சைத் தட்டினேன். முதலில் ஒரு உறுமல். பிறகு சூடான தூசி மணம். பிறகு பாட்டு.

சுந்தரம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"சார்."

"ஓம்."

"இது இன்னும் உயிரோட இருக்கா சார்?"

கிட்ட வந்தார். பிடியைத் தொட்டார். டக், டக் என்று ஆட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. காலையில் இருந்து அந்த முகத்தோடு இருந்த எஞ்சினியரைக் காணவில்லை.

"மதுரைல எங்க காலேஜுக்கு எதிர்ல ஒரு கடை சார். மாடிப்படிக்குக் கீழ. ஃபேன் கூடக் கிடையாது. இதே மெசின். தெர்மோடைனமிக்ஸ் கிளாஸ் நடக்கும்போது நான் அங்கதான் இருப்பேன்."

கோட்டைக் கழற்றினார். புல்லு வெட்டும் மெசினில் கொழுவினார். நீலன் பக்கம் போய் நின்றார்.

"நான் எப்பவும் நீலம்தான். உங்களுக்குப் பரவால்லயா?"

"நான் சிவப்பு" என்றேன்.

அதுதான் நான் அன்றைக்கு அவருக்கு முதலில் சொன்ன முழு வசனம்.

ஆட்டம் தொடங்கியது. ரவுடிகள் வந்து பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சுந்தரம் அதைப் பார்த்தார்.

"பொண்ணைத் தூக்கிட்டுப் போறவனை அடிக்கிற கதை. நல்ல நாள் பார்த்துத்தான் ஆடுறோம் சார்."

பகிடியா, குத்தலா என்று விளங்கவில்லை. நான் ஒரு ரவுடியைத் தூக்கித் தண்ணீருக்குள் எறிந்தேன்.

அவர் நல்ல விளையாட்டுக்காரர். என்னைவிட நல்லவர். பாய்ந்து உதைக்கிறது ஒன்று செய்தார். நான் அதை இத்தனை வருடத்தில் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு பட்டனையும் ஒன்றாக அமத்த வேண்டுமாம். எனக்கும் காட்டித் தந்தார்.

எல்லாம் சரி. கோழி வருகிற இடத்தில்தான் பிழை.

மரியாதையால் செத்தோம்

எங்கள் ஆட்களின் பழக்கம் தெரியும்தானே. தட்டில் கடைசித் துண்டு இருந்தால் யாரும் எடுக்க மாட்டார்கள். நீ எடு, நீ எடு என்று சொல்லிச் சொல்லி அது காய்ந்து போகும். பிறகு வீட்டுக்காரி எடுத்து மூடி வைப்பாள்.

விளையாட்டிலும் அதுதான் நடந்தது. முதல் கோழி மறைந்த கதையை மேலே எழுதினேன். திரும்பத் தொடங்கினோம். திரும்பக் கோழி. திரும்ப "நீங்க எடுங்க சார்." திரும்பச் செத்தோம்.

மூன்றாம் தரம் நான் யோசித்தேன். இந்த மனிதன் மரக்கறிக்காரனோ? எங்களில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறதையும் சைவம் என்றுதான் சொல்வோம்.

"நீங்கள் சைவமோ?"

"பிறப்புல சைவம் சார். சாப்பாட்டுல எல்லாம் சாப்பிடுவேன். நண்டுன்னா உயிர்."

நண்டு என்று சொல்லும்போது மூக்கை ஒருமுறை இழுத்தார். குசினிக் கதவு கராஜுக்குள்தான் திறக்கும். கறி மணம் வந்துகொண்டிருந்தது. பாவம், பசி. எனக்கு அப்போதுதான் விளங்கியது. இவர் விளையாட்டிலும் கை நனைக்கிறார் இல்லை. என் வீட்டுக் கோழி. முடிவு சொல்லாமல் எப்படி எடுப்பது?

நான் எடுத்திருக்கலாம். ஆனால் விருந்தாளியை வைத்துக்கொண்டு நான் எப்படித் தின்பது? பிலோ பார்த்தால் கொன்றுபோடுவாள்.

இப்படியாக இரண்டு நல்ல விளையாட்டுக்காரர் மரியாதையால் செத்துக்கொண்டிருந்தோம்.

வாய் தவறியது

நான்காம் தரம் நன்றாகப் போனது. கோழி இல்லாமலே பாலம் தாண்டினோம். ரயில் தாண்டினோம். மாமாவின் கப்பலுக்கு ஏறினோம். இரண்டு பேராக நான் அவ்வளவு தூரம் போனதே இல்லை. தனியாகப் பல தரம் முடித்திருக்கிறேன். யூட் சின்னதில் இருந்தே விளையாட வர மாட்டான். "அப்பா, இட்ஸ் ஸோ ஓல்ட்" என்பான்.

கப்பல் தட்டில் நீலனைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். உயிர் ஒரு நூல் மட்டும். நான் ஒரு பீப்பாவை உடைத்தேன். கோழி விழுந்தது. நீலனின் காலடியில் விழுந்தது.

சுந்தரம் அதைப் பார்த்தார். கை பட்டனில் இருக்கிறது. அமத்தவில்லை.

"சார், நீங்க..."

கோழி மினுங்குகிறது. பின்னால் கையில் சங்கிலியோடு ஒரு ரவுடி வருகிறான்.

நான் கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பலமாகக் கத்தியது குறைவு.

"எடடா! எடடா விசரா!"

அவர் எடுத்தார்.

மெசினில் இருந்து கறுக் மொறுக் என்று சத்தம். நீலனின் உயிர் முழுதாக நிரம்பியது. எங்கள் வீட்டில் அவர் எடுத்த முதல் சாப்பாடு அதுதான்.

அதற்குப் பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. பெண்ணின் தகப்பன். சம்மதம் கேட்டு வீட்டுக்குக் கூப்பிட்ட மனிதன். அவரை டா போட்டுவிட்டேன். விசரன் என்றும் சொல்லிவிட்டேன்.

குசினிக் கதவு திறந்தது. பிலோ. அவளுக்குப் பின்னால் யூட். நித்யா. நித்யாவின் தாய். கேட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். பிலோ தலையில் கை வைத்தாள். யூட் கண்ணை மூடிக்கொண்டான்.

சுந்தரம் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பின்னாடி வர்றான், குதிடா! என்னைப் பாத்துக்கிட்டு நிக்கிற!"

நான் குதித்தேன்.

இரண்டு பேரும் சேர்ந்து சங்கிலிக்காரனைக் கடலுக்குள் தள்ளினோம். தட்டில் அடிக்க ஆள் இல்லை. கொஞ்சம் மூச்சு விட நேரம். அப்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

"விசரான்னா என்ன?"

பொய் சொல்ல எனக்கு வராது. அதற்கும் நிறையக் கதைக்க வேண்டும்.

"பைத்தியம்" என்றேன்.

"எங்க ஊர்ல லூசுன்னு சொல்லுவோம்."

"ஓம். அதுதான்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மெசினில் சாய்ந்துவிட்டார்.

"இந்த ஓம் இருக்கே! போன மாசம் உங்களுக்கு ஃபோன் பண்ணேன்ல. உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டேன். ஓம்னீங்க. பொண்ணைப் பிடிச்சிருக்கான்னு கேட்டேன். ஓம்னீங்க. வச்சிட்டீங்க. நான் இவகிட்ட சொல்றேன், என்னடி, கிறிஸ்டியன்னு சொன்னாங்க, கேட்டதுக்கெல்லாம் மந்திரம் சொல்றாரு!"

நித்யாவின் தாய் முந்தானையால் வாயைப் பொத்தினா. "அப்பா, ஓம்னா எஸ்னு நான் எத்தனை தடவை சொன்னேன்!" என்றாள் நித்யா.

"சொன்னடா. ஆனா அதுக்கு மேல ஒரு வார்த்தை வரலையே. பேச்சே இல்லாத வீட்டுக்கு உன்னை எப்படி அனுப்புறதுன்னு நான் யோசிச்சேன். இப்ப பாரு. கத்துற கத்துல காது போச்சு."

மாமா வருகிற பாட்டு தொடங்கியிருந்தது. அதனால் தப்பினேன்.

மாமா

தங்கப் பல்லு மின்ன மாமா வந்தான். எங்களுக்குப் பின்னால் நான்கு பேர் நின்று பார்த்தார்கள்.

"ஏங்க, உதைங்க! அந்தத் தடியன் வயித்துல உதைங்க!" இது நித்யாவின் தாய்.

"இஞ்சாருங்கோ, பின்னால! பின்னால பாருங்கோ!" இது பிலோ. இத்தனை வருடம் இந்த மெசினை இடைஞ்சல் என்று சொன்னவள். துடைக்கிற துணியை அவள் வைத்திருந்த விதத்தைப் பார்த்தால் மாமாவை அவளே அடித்திருப்பாள்.

இன்னொரு கோழி வந்தது.

"நீ எடு" என்றார்.

நான் எடுத்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. கறுக் மொறுக்.

இரண்டு பட்டனையும் ஒன்றாக அமத்தினேன். அவரும் அமத்தினார். சிவப்பனும் நீலனும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். மாமா விழுந்தான். பல்லு தனியாக உருண்டது.

கராஜில் கைதட்டல். யூட் என்னைக் கட்டிப் பிடித்தான். எங்கள் வீட்டில் அதுவும் வழக்கம் இல்லை.

கப்பல் அறைக் கதவு திறந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். நான் தனியாக முடித்தால் இந்த இடத்தில் சூரியன் இறங்கும், பாட்டு வரும், முடியும். அன்றைக்குச் சூரியன் இறங்கவில்லை. திரை கறுத்து எழுத்து வந்தது.

"என்னவாம்?" என்று யூட்டைக் கேட்டேன்.

யூட் வாசித்தான். முகம் கொஞ்சம் சரியில்லை.

"இனி நீங்க ரெண்டு பேரும் அடிபட வேணுமாம். வெல்லுறவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போகலாமாம்."

யாரும் சிரிக்கவில்லை.

சிவப்பன் ஒரு பக்கம். நீலன் மறுபக்கம். நடுவில் அந்தப் பெண். மேலே நேரம் குறையத் தொடங்கியது.

"இது வரும்னு எனக்குத் தெரியும்" என்றார் சுந்தரம். "காலேஜ்ல நானும் என் ரூம்மேட்டும் இது வரைக்கும் வந்தோம். நான்தான் ஜெயிச்சேன். ரெண்டு வாரம் அவன் என்கூடப் பேசல."

நான் பிடியில் இருந்து கையை எடுத்தேன்.

அவர் என் கையைப் பார்த்தார். தன் கையையும் எடுத்தார்.

"டைம் முடிஞ்சா ரெண்டு பேரும் அவுட்" என்றார்.

"முடியட்டும்" என்றேன்.

சிவப்பனும் நீலனும் நின்றார்கள். மூச்சு வாங்குவது போல நெஞ்சு ஏறி இறங்கியது. வேறு ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பெண் இவனைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் விளங்கியிருக்காது. நித்யா தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். நேரம் முடிந்தது. எல்லாம் முடிந்தது என்று மெசின் எழுதிக் காட்டியது. அந்த எழுத்து எனக்கு வாசிக்கத் தெரியும்.

சுந்தரம் சட்டைக் கையை மடித்தார். ஒரு மடிப்பு. இன்னொரு மடிப்பு. பிறகு என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, கை கழுவ எங்க போகணும்?"

பிலோவுக்குத்தான் முதலில் விளங்கியது. துணியைப் போட்டுவிட்டுக் குசினிக்குள் ஓடினாள். நண்டுச் சட்டியை அடுப்பில் வைக்கிற சத்தம் கேட்டது.

வீட்டுக்குள் நல்ல பேசின் இருக்கிறது. சுடுதண்ணீர் வரும். எனக்கு அந்த நேரம் அது ஞாபகம் வரவில்லை. கராஜ் கதவைத் தூக்கி, கார் கழுவும் குழாயைக் காட்டினேன். நானே திறந்துவிட்டேன்.

தண்ணீர் ஐஸ் போல இருந்தது. அவர் கையை எடுக்கவில்லை.